பூவுக்கு ஆகாத மூக்கு

"பொண்ணு மூக்கும் முழியுமா லட்சணமா இருக்கும்" என்று சொல்லித்தான் தரகர் என் மாமியாரை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார். முழியைப் பற்றி இன்று வரை புகார் எதுவும் வந்ததில்லை. மற்றதைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

எனக்குப் பூ ஆகாது. கத்தரிக்காய் ஆகாது, கடலை ஆகாது என்று சொல்கிறவர்களுக்கு மரியாதை உண்டு. விருந்துக்குப் போனால் அவர்களுக்கென்று தனியாக எடுத்து வைப்பார்கள். ஒரு பெண் தனக்குப் பூ ஆகாது என்று சொன்னால் மட்டும், இவள் எதையோ மறைக்கிறாள் என்பது போல ஏற இறங்கப் பார்ப்பார்கள். என்னால் எதையும் மறைக்க முடியாது. மல்லிகை பக்கத்தில் வந்தால் கண்ணில் தண்ணீர் கட்டும். சாமந்தி வந்தால் தும்மல். செண்டுமல்லி வந்தால் தும்மலோடு மூக்கு சிவந்து, கன்னம் உப்பி, கண்ணாடியில் என்னைப் பார்த்து நானே "யாரு வேணும்?" என்று கேட்கிற நிலைக்குப் போய்விடுவேன். டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். அதைப் போட்டால் தும்மல் தூங்கிவிடும், கூடவே நானும் தூங்கிவிடுவேன்.

தும்மலாவது என் உடம்புக்கு ஏற்ற மாதிரி இருக்கக் கூடாதா? என்னைப் பார்த்தால் ஊதினால் பறந்துவிடுவேன் போல இருக்கும். தும்மினால் பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்து அழும். "உள்ள யாரோ ஆம்பளை இருக்காங்களா?" என்று கேஸ் சிலிண்டர் போட வந்தவர் ஒரு தடவை கேட்டிருக்கிறார்.

பெண் பார்த்துப் பிடித்துப்போய், பூ வைத்து உறுதி செய்ய வந்தார்கள். மாட்டைக் கட்டலாம் என்கிற நீளத்துக்கு மல்லிகைச் சரம் கொண்டு வந்திருந்தார் மாமியார். அதை என் பின்னலில் செருகி, கை எடுப்பதற்குள் நான் தும்மிவிட்டேன். ஒரே ஒரு தும்மல். கூடம் முழுக்க அப்படியே உறைந்து போனது. நல்ல காரியம் தொடங்கும்போது ஒற்றைத் தும்மல் விழுந்தால் ஆகாது. உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, அந்தக் காரியம் வேண்டுமா என்று யோசிக்க வேண்டும். இரட்டைத் தும்மல் என்றால் தோஷமில்லை, அம்மனே உத்தரவு கொடுத்த மாதிரி. அவர்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் தண்ணீர்ச் சொம்பை நோக்கிக் கை நீட்டிவிட்டார். அந்த நேரம் பார்த்து அம்மா என் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினாள். வலியில் எனக்கு இரண்டாவது தும்மல் வந்தது. "அப்பாடா, ரெட்டை" என்றார் மாமியார். தன் விருப்பத்தால்தான் இந்தக் கல்யாணம் நடந்தது என்று என் கணவர் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார். நடத்தி வைத்தது அம்மாவின் நகம்.

புகுந்த வீட்டில் காலடி வைத்ததும் எனக்குப் பயிற்சி ஆரம்பமானது. நான் எங்கே ஒற்றைத் தும்மல் போட்டாலும் மாமியார் சமையலறையிலிருந்து "இன்னொண்ணு!" என்பார், பாக்கிச் சில்லறை கேட்கிற மாதிரி. கணவர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்பார், ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. நான் ட்யூப்லைட்டை முறைத்துப் பார்ப்பேன், நூலைத் திரித்து மூக்கில் விடுவேன். இரண்டாவது வந்தால்தான் அவர் வேலைக்குப் போக முடியும். எத்தனையோ நாள் அவர் ஆபீசுக்குத் தாமதமாகப் போனதற்குக் காரணம் போக்குவரத்து நெரிசல் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த நெரிசல் என் மூக்கில்தான் இருந்தது. வருஷங்கள் போகப் போக என் மூக்கு பழகிக்கொண்டது. ஒன்று வந்தால் அடுத்தது தானாகவே பின்னால் வந்து நிற்கும். மாமியாருக்கு அதில் ஒரு பெருமை. "நான் வந்து சரி பண்ணினேன்" என்று உறவுக்காரர்களிடம் சொல்லுவார்.

மூக்கால் கெட்ட நான் மூக்கை நம்பியே பிழைக்கிறேன் என்பது இன்னொரு கூத்து. எனக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவே சின்ன அளவுகோல் வைத்து அளப்பேன். காது மடலை அழுத்துகிற காம்பைச் சூடான மணலில் வைத்து வளைப்பேன். மூக்கில் உட்காருகிற பட்டையை மாற்றுவேன். எள்ளை விடச் சின்ன திருகாணியைத் திருப்புளி முனையில் நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, துளையில் இறக்குவேன். யாராவது தலையில் பூவோடு உள்ளே வந்தால் அந்தத் திருகாணியை அப்புறம் பெருக்கும்போதுதான் பார்க்க முடியும்.

ஆரம்பத்தில், வாடிக்கையாளர் ஒரு ஃபிரேமை எடுத்து மாட்டிப் பார்க்கும் நேரத்தில் நான் தும்மினால் அவர் அதைக் கழற்றி வைத்துவிடுவார். யாரும் வெளியே சொல்வதில்லை. "வேற பாக்கலாம்" என்பார்கள், அவ்வளவுதான். முதலாளி முதலில் என்னைத் திட்டினார். பிறகு யோசித்தார். ஒரு நாள் நான் போனபோது, விலை குறைந்த ஃபிரேம்கள் இருக்கிற அலமாரிக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பூச்சாடி வைத்திருந்தார். நிறையச் சாமந்தி. "நீ கொஞ்சம் அந்தப் பக்கமா நின்னுக்கோம்மா" என்றார், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். இரட்டையாகத் தும்மிப் பழகியவளை நம்பி முதல் போட்டது அவர் தப்பு. முதல் தும்மலுக்குக் கீழே வைத்தவர்கள் இரண்டாவது தும்மலுக்கு மறுபடி எடுத்து, "இதையே பில் போடுங்க" என்றார்கள். ஒரு வாரத்தில் பூச்சாடி காணாமல் போனது.

இப்படிப்பட்டவளைக் கொண்டு வந்து விட்ட தெருவில் பூத் திருவிழா.

மழை விட்டு, வேலியெல்லாம் கேட்பாரில்லாமல் பூக்கிற மாதத்தில் எங்கள் தெருப் பெண்கள் அதை எடுப்பார்கள். பூப் பறித்துக் கொண்டு வருவதோடு ஆண்களின் வேலை முடிந்தது. ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் தன் வீட்டுத் தட்டில் பூவை எடுத்துக்கொண்டு தெரு முனைக்கு வருவாள். அங்கே பெரிய பித்தளைத் தாம்பாளத்தில் அகலமான இலைகளைப் பரப்பி, வட்டம் வட்டமாகப் பூ அடுக்குவார்கள். மஞ்சள் ஒரு வட்டம், சிவப்பு ஒரு வட்டம், வெள்ளை ஒரு வட்டம். மேலே போகப் போகக் குறுகி, இடுப்பு உயரத்துக்குப் பூக்கோபுரம் எழும்பும். உச்சியில் மஞ்சளைப் பிடித்து அம்மனாக வைப்பார்கள். அதைச் சுற்றி வந்து கைதட்டிப் பாடுவார்கள். ஒருத்தி ஒரு வரி பாட, மற்றவர்கள் வாங்கிப் பாட வேண்டும். மாமியார் கொடுமையைச் சொல்லும் பாட்டும் உண்டு. மாமியார்கள்தான் அதை ஓங்கிப் பாடுவார்கள். இருட்டுவதற்கு முன் கோபுரத்தைத் தலையில் சுமந்து போய்க் குளத்தில் விடுவார்கள். கணவன் நன்றாக இருக்க, பிள்ளைகள் நன்றாக இருக்க என்று வேண்டிக்கொள்வார்கள்.

முதல் பூவை வைப்பது என் மாமியார். அது அவருக்கு எழுதி வைத்த உரிமை போல. அவர் வைத்த பிறகுதான் மற்றவர்கள் கை நீட்டலாம்.

நான் மருமகளாக வந்த முதல் வருஷம் பட்டுப் புடவையும் பவ்யமுமாக அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூன்று வட்டம் வரைக்கும் மூச்சை அடக்கினேன். நான்காவது வட்டத்தில் மூக்கு என்னை விட்டுப் போய்விட்டது. நான் தும்மின தும்மலில் எதிரே உட்கார்ந்திருந்தவர்களின் மடியில் பூ விழுந்தது. இரண்டாவது தும்மலில் மூன்றாவது வட்டமும் போனது. "அம்மன் பூமாரி பொழியறா" என்று யாரோ சொன்னார்கள். மாமியார் சிரிக்கவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து எனக்கு வேறு உத்தியோகம்: எல்லோரும் கழற்றிப் போட்ட செருப்பைப் பார்த்துக்கொள்வது.

செருப்புக் குவியல் இருந்த இடம் எங்கள் எதிர் வீட்டுத் தையல் அக்காவின் வாசல். அவர் முன்னறையிலேயே மெஷினைப் போட்டுத் தைத்துக்கொண்டிருப்பார். திருவிழா அன்று கதவில் பாதியைச் சாத்திக்கொள்வார். மெஷின் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். நான் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொள்வேன். எனக்கென்று வெட்டு மிச்சத் துணியில் கைக்குட்டை தைத்து வைத்திருப்பார். கல்யாண ரவிக்கைத் துணியில் ஜரிகை போட்ட கைக்குட்டையெல்லாம் என்னிடம் உண்டு. அவ்வளவு பகட்டாக மூக்குச் சிந்துகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"எட்டிக்கூடப் பாக்க மாட்டீங்களாக்கா?" என்று ஒரு வருஷம் கேட்டேன்.

"கை வேலையா இருக்கும்போது பேச்சுக் குடுக்காத. தையல் கோணிக்கும்."

விஷயத்தைக் கணவர்தான் சொன்னார். நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன் நடந்தது. தையல் அக்காவின் கணவர் இறந்து, துக்கம் கழிந்து, அடுத்து வந்த திருவிழாவுக்கு அவரும் பூத்தட்டோடு தெரு முனைக்கு வந்திருக்கிறார். என் மாமியார் அவரைத் தனியாக அழைத்துப்போய் மெல்லத்தான் சொன்னாராம்: "இந்த வருஷம் வேண்டாம்மா. உள்ள இருந்தே பாரு." அந்த ஒரு வருஷம் இன்னும் முடியவில்லை. அதன் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொண்டதில்லை. எங்கள் வீட்டுத் துணியெல்லாம் என் மூலமாகத்தான் தைக்கப் போகும், தைத்து வரும்.

போன வருஷம் என் மாமனார் இறந்துபோனார். சாப்பிட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. மாமியார் பொட்டைத் தானே எடுத்துவிட்டார், யாரும் சொல்லாமலே. அந்த வருஷம் எங்கள் வீட்டில் பண்டிகை இல்லை. முதல் பூவைத் தெருக்கோடி வீட்டம்மா வைத்தார். ரிட்டயரான டீச்சர். பள்ளிக்கூடத்தை விட்டு வந்துவிட்டாரே தவிர, வகுப்பு இன்னும் எங்களுக்கு நடந்துகொண்டுதான் இருக்கிறது.

இந்த வருஷம் திதி கொடுத்து முடித்துவிட்டோம். திருவிழா நெருங்க நெருங்க மாமியார் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் வீட்டுத் தட்டை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்தார். தேய்த்ததையே மறுபடி தேய்த்தார். திருவிழா அன்று காலையில் மகனைக் கூப்பிட்டு, "பூ கொண்டாந்துடு. வாடினது வேணாம்" என்றார். பிறகு, கீரை ஆய்ந்துகொண்டே என்னிடம் கேட்டார்.

"சாயங்காலம் எத்தனை மணிக்கு ஆரம்பிக்கறாங்களாம்?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை வருஷமும் நேரத்தை முடிவு செய்தது அவர்தான். அவர் தலை முழுகி, தட்டை எடுத்துக்கொண்டு இறங்கினால் அதுதான் நேரம். "இன்னொண்ணு!" என்று விரட்டின குரல் இப்படி இறங்கிக் கேட்டது. மனசுக்குள் நான் அவரைத் திட்டாத திட்டு இல்லை. ஆனாலும் அவர் அந்த வட்டத்துக்குள் போயே ஆக வேண்டும் என்று அப்போது எனக்கு வெறியே வந்தது. அவர் அதை வாய்விட்டுக் கேட்க மாட்டார் என்பதும் தெரியும். போனால் தன்னை என்ன சொல்லுவார்கள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். சொல்லிப் பழகிய வாய்.

"நான் போய்ப் பாத்துட்டு வந்து கூப்பிடறேன் அத்தை. நீங்க தயாரா இருங்க" என்று வீரமாகச் சொல்லிவிட்டேன். சாயங்காலம் கிளம்பினேன்.

தெரு முனையில் தண்ணீர் தெளித்து, தாம்பாளம் வைத்து, இலை பரப்பியிருந்தார்கள். கூடை கூடையாகச் செண்டுமல்லி. எட்டத்திலேயே எனக்குக் கண் கசிந்தது. கோடி வீட்டம்மா நடுவில் நின்று வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார்.

"அத்தையும் வராங்க" என்றேன்.

எல்லோரும் கோடி வீட்டம்மாவைப் பார்த்தார்கள்.

"வரட்டுமே. யாரு வேணாம்னா? திண்ணையில உக்காந்து... சரி, நம்ம வீட்டு வராந்தாவுல நாற்காலி போடச் சொல்றேன். வசதியா உக்காந்து பாக்கட்டும்."

"பாக்கறதுக்கு இல்ல. முதல் பூ வைக்க."

கோடி வீட்டம்மா என்னைத் தள்ளிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தினாலும் தெருவுக்கே கேட்கும், டீச்சர் குரல். "உனக்குச் சொல்லித்தான் தெரியணுமா? எனக்கு ஒண்ணும் இல்ல. நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. புருஷன் நல்லா இருக்கணும்னு வைக்கிற பூ..."

என் மூளைக்கு அப்போதுதான் ஒரு யோசனை தோன்றியது. கடையில் கற்றது. ஒற்றைத் தும்மல் விழுந்தால் எந்தப் பேச்சும் அதோடு நிற்க வேண்டும். இவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் ஒன்று போட்டால்? இத்தனை வருஷம் எல்லோரும் சபித்த மூக்கு, இன்றைக்காவது ஒரு நல்ல காரியத்துக்கு உதவட்டுமே. குனிந்தேன். செண்டுமல்லிக் கூடையில் முகத்தைப் புதைத்து, குளத்தில் முங்குகிற மாதிரி, நெஞ்சு நிறைய இழுத்தேன்.

விழுந்தது பாருங்கள் ஒரு தும்மல். மரத்திலிருந்து காக்கை பறந்தது. இரண்டாவது வருவதற்குள் மூக்கை இரண்டு விரலால் கிடுக்கிபோட்டுப் பிடித்துக்கொண்டேன். காது இரண்டும் அடைத்துப்போய், கண் பிதுங்கியது. ஆனால் ஒற்றையாகவே நின்றது. கோடி வீட்டம்மா முகம் வெளுத்தது. யாரோ ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டு வந்தார்கள். அவர் உட்கார்ந்து ஒரு வாய் குடித்தார். எனக்கு உச்சி குளிர்ந்தது.

அவர் எழுந்தார். "நான் என்ன சொல்ல வந்தேன்னா, அவங்க முதல் பூ வைக்கிறது..."

மறுபடி முங்கினேன். மறுபடி தும்மல். விரலை மூக்குக்குக் கொண்டு போவதற்குள், மாமியார் வருஷக்கணக்காகப் பழக்கி வைத்திருந்த இரண்டாவது தும்மல், சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை மாதிரி, முதல் தும்மலைக் காட்டிலும் கம்பீரமாக வந்து விழுந்தது.

"ரெட்டை!" என்று கூவினார் கோடி வீட்டம்மா. "பாத்தீங்களா? அம்மனே சொல்லிட்டா. நான் சொன்னது சரிதான்."

எல்லோரும் தலையாட்டினார்கள். மாமியாரை வெளியே நிறுத்துவதற்கு அம்மனிடம் உத்தரவு வாங்கிக் கொடுத்த பெருமை எனக்கே.

அதற்கு மேல் எனக்கு எந்தத் தந்திரமும் தெரியாது. மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, ஜரிகைக் கைக்குட்டை நனைந்து போயிருந்தது. "அத்தை வரலன்னா நானும் வர மாட்டேன்" என்று கத்தினேன்.

"நீ எப்பம்மா வந்த?" என்றார் கோடி வீட்டம்மா. "நீ செருப்புக்குக் காவல்தானே?"

சிரித்தார்கள். நல்ல சிரிப்புத்தான், கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. இன்னொரு நாளாக இருந்தால் நானே சிரித்திருப்பேன். சட்டென்று சிரிப்பு அடங்கியது. திரும்பிப் பார்த்தேன். எங்கள் வீட்டுப் படியில் மாமியார் நின்றுகொண்டிருந்தார். தலை முழுகி, வெளுத்த புடவை கட்டி, கையில் பூத்தட்டு. நான் வந்து கூப்பிடுகிற வரைக்கும் அவரால் காத்திருக்க முடியவில்லை போலிருக்கிறது. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியாது. அந்த டீச்சர் குரலுக்கு அவர் வீட்டுக்குள்ளேயே இருந்திருந்தாலும் கேட்டிருக்கும்.

உள்ளே போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் படியை விட்டு இறங்கினார். தெரு முனைக்கும் வரவில்லை. நேராகத் தெருவைக் கடந்து தையல் அக்கா வீட்டு வாசலுக்குப் போனார். பாதி சாத்திய கதவுக்கு வெளியே நின்றார். நான் செருப்புகளைத் தாண்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"வா" என்றார் மாமியார்.

தையல் அக்கா நிமிர்ந்து பார்த்தார். கால் மிதியை நிறுத்தவில்லை. "எங்க?"

"பூ அடுக்க."

"கல்யாணத்துக்கு ரவிக்கை குடுக்கணும். காலைல வந்துடுவாங்க."

"அப்புறம் தைக்கலாம்."

"இத்தனை வருஷமா நான் இங்கதான் இருந்தேன் பெரியம்மா. எதிர் வீட்டுலதான். அப்பல்லாம் கண்ணுக்குத் தெரியல. இப்பத் துணைக்கு ஒரு ஆள் வேணும்னு கூப்பிடறீங்களா?"

என் மாமியார் யாருக்கும் பதில் பாக்கி வைத்தவர் இல்லை. இப்போது ஏதாவது சுருக்கென்று சொல்லப் போகிறார், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"ஆமா" என்றார் மாமியார்.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆமாம்மா. துணைக்குத்தான் கூப்பிடறேன். தனியா அங்க போய் நிக்கறதுக்கு எனக்குக் கால் வரல."

மெஷின் நின்றது.

"எனக்கும் அன்னைக்குக் கால் வரலதான்" என்றார் தையல் அக்கா. "போகலாமா வேண்டாமான்னு இதே கதவுக்குப் பின்னால ரொம்ப நேரம் நின்னுட்டுத்தான் வந்தேன்."

"தெரியும். பாத்துட்டுத்தான் இருந்தேன்."

"பாத்துமா அப்படிச் சொன்னீங்க?"

மாமியார் தட்டிலிருந்த பூவைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கையிலிருந்த தட்டு ஒரு பக்கமாகச் சரிந்ததைப் பின்னால் நின்ற நான் பார்த்தேன். அவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. பிடித்தால் திட்டுவார் என்றும் இருந்தது. தெரு முனையிலிருந்து, "நேரம் ஆகுது, ஆரம்பிக்கலாமா?" என்று கோடி வீட்டம்மா குரல் கொடுத்தார். மாமியார் திரும்பிப் பார்க்கவே இல்லை.

தையல் அக்கா எழுந்தார். "கையெல்லாம் மெஷின் எண்ணெய். கழுவிட்டு வரேன்" என்று உள்ளே போனார். மாமியார் அங்கேயே நின்றார். தெருவே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது, நின்றது, பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. வேறு புடவை மாற்றிக்கொள்கிறார் என்று புரிந்தது. வெயிலில் தட்டைப் பிடித்துக்கொண்டு மாமியார் காத்திருந்தார்.

பிறகு இரண்டு பேரும் சேர்ந்து நடந்தார்கள். நான் பின்னால், தும்மிக்கொண்டே. ஒற்றையா இரட்டையா என்று யாரும் எண்ணியதாகத் தெரியவில்லை. தாம்பாளத்தைச் சுற்றி நின்றவர்கள் விலகவும் இல்லை, வா என்று சொல்லவும் இல்லை. மாமியார் வழி கேட்கவில்லை. தோளால் விலக்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தார், தையல் அக்காவின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். கோடி வீட்டம்மா வாயைத் திறந்தார். பூ வைக்காத இரண்டு தலைகளையும் குனிந்து பார்த்தார். என்ன நினைத்தாரோ, வாயை மூடிக்கொண்டார். அவர் கணவருக்கும் போன மாதம்தான் நெஞ்சில் ஆபரேஷன் நடந்திருந்தது.

மாமியார் தட்டைத் தையல் அக்கா பக்கம் தள்ளினார். "நீ வை."

தையல் அக்கா ஒரு மஞ்சள் பூவை எடுத்தார். இலைக்கு மேலே கொண்டு போனார். வைக்கவில்லை. நாள் முழுக்க ஊசியில் நூல் கோக்கிற விரல்கள், அந்தப் பூவை இப்படியும் அப்படியுமாகத் திருப்பிக்கொண்டே இருந்தன. பிறகு வெட்கப்பட்டு, மாமியாரிடம் மெல்லக் கேட்டார்.

"மறந்துபோச்சு பெரியம்மா. காம்பு உள் பக்கம் வரணுமா, வெளிப் பக்கமா?"

மாமியார் சொல்ல வாயெடுத்தார். முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

"உள் பக்கம்க்கா" என்று நான்தான் சொன்னேன்.